சமைக்காத உணவும் பல் கூச்சமும் ஈறில் ரத்தமும்: ஒரு பல் மருத்துவரின் பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். எட்டு மாதமாக அடுப்பில் ஏற்றாத உணவுதான். காலையில் வெறும் வயிற்றில் எலுமிச்சையும் தேனும் கலந்த தண்ணீர், அதையே பாட்டிலில் ஊற்றி அலுவலகத்துக்கும் எடுத்துப் போகிறீர்கள். பிறகு பழங்கள், மதியம் முளைகட்டிய பயறு, தேங்காய், பச்சைக் காய்கறி. இடையில் பசித்தால் பேரீச்சை. எடை குறைந்திருக்கிறது, வயிறு லேசாக இருக்கிறது. ஆனால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசுகிறது, பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது. உங்களோடு இந்த உணவைக் கடைப்பிடிக்கும் பெரியவர் ஒருவர், "உடம்பில் இருந்த கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள். காய்கறியே பல்லைத் தேய்த்துவிடும், பேஸ்டையும் விட்டுவிடுங்கள்" என்கிறார். ஐந்து வயதுக் குழந்தையும் பெரும்பாலும் உங்கள் தட்டில் இருந்துதான் சாப்பிடுகிறது.

இந்த உணவை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. பிஸ்கட், மைதா பலகாரம், பாக்கெட் தின்பண்டம், நாளுக்கு நாலு தடவை சர்க்கரை போட்ட காபி எல்லாம் ஒருவர் வாழ்க்கையிலிருந்து போனால் பல்லுக்கு நல்லதுதான். ஆனால் பழைய ஆபத்து போன இடத்தில் வேறொரு ஆபத்து வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்கு வைத்தியம், சாப்பிடும் நேரத்தையும் வரிசையையும் மாற்றுவதுதான்.

சரி, முதலில் கூச்சம். சொத்தை வேறு, அமிலத் தேய்மானம் வேறு. சொத்தையில், வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்கி, ஓர் இடத்தில் குழி பறிக்கின்றன. அமிலத் தேய்மானத்தில் கிருமிக்கு வேலையே இல்லை. சாப்பிடும் பொருளில் இருக்கும் புளிப்பே நேராகப் பல்லின் மேல் உறையான எனாமலைக் கரைக்கிறது. வீட்டில் கடப்பா கல் மேடை இருந்தால், எலுமிச்சைச் சாறு சிந்தி அப்படியே விட்ட இடத்தைப் பாருங்கள். பளபளப்பு போய் வெளிறிய தடம் விழுந்திருக்கும், எவ்வளவு துடைத்தாலும் போகாது. எனாமலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனதுதான், அதற்கும் இதே கதிதான். அதனால் ஒரு சொத்தைகூட இல்லாத சுத்தமான வாயிலும் பல் தேய்ந்து கூசலாம். "எனக்குச் சொத்தையே இல்லையே டாக்டர், அப்புறம் ஏன் கூசுகிறது" என்று கேட்கும் இயற்கை உணவுக்காரர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கிறது.

எனாமல் கரையத் தொடங்கும் எல்லையை, புளிப்பை அளக்கும் பிஎச் அளவுகோலில் பொதுவாக 5.5 என்று வைக்கிறோம். எண் குறையக் குறையப் புளிப்பு கூடும். ஒரு எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு. எலுமிச்சைச் சாறு 2-க்கும் 2.6-க்கும் இடையில் இருக்கிறது. ஒரு தம்ளர் தண்ணீரில் அரை மூடி பிழிந்தாலும் 3-ஐ ஒட்டித்தான் நிற்கும். தண்ணீர் கலந்துவிட்டோமே என்ற நிம்மதி வேண்டாம். திராட்சை, அன்னாசி, ஆரஞ்சு, மாங்காய், நெல்லிக்காய்ச் சாறு, ஆப்பிள் எல்லாமே எனாமலின் எல்லைக்குக் கீழேதான். பப்பாளியும் தர்பூசணியும் 5-க்கு மேல், வாழைப்பழம் 5-ஐ ஒட்டி. ஆகவே பழம் என்ற ஒரே சொல்லுக்குள் பல்லுக்கு மென்மையானதும் இருக்கிறது, கடுமையானதும் இருக்கிறது.

இதை ஒழுங்காக அளந்து பார்த்தவர்கள் ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தினர். 1999-ல் வெளிவந்த அந்த ஆய்வில், சமைக்காத உணவையே சாப்பிடும் 130 பேரின் பற்களைப் பரிசோதித்து, வழக்கமான உணவு சாப்பிடும் 76 பேரோடு ஒப்பிட்டார்கள். ஒரு பல்லிலாவது கடுமையான தேய்மானம் இருந்தவர்கள் பச்சை உணவுக்காரர்களில் 60.5 சதவீதம், மற்றவர்களில் 31.6 சதவீதம். தேய்மானமே இல்லாதவர்கள் பச்சை உணவுக்காரர்களில் 2.3 சதவீதம், மற்றவர்களில் 13.2 சதவீதம். அதாவது சமைத்துச் சாப்பிடுபவர்களும் தப்பிக்கவில்லை, ஆனால் கடுமையான தேய்மானம் பச்சை உணவுக்காரர்களிடம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவர்கள் உணவில் சரிபாதிக்கும் மேல் பழம்தான், வாரத்துக்கு நடுவளவாக (பாதிப் பேர் இதற்கு மேல், பாதிப் பேர் இதற்குக் கீழ்) 9.5 கிலோ. எலுமிச்சை, ஆரஞ்சு வகைப் பழங்கள் மட்டும் ஒரு நாளைக்கு ஐந்து தடவையை நெருங்கி வாய்க்குள் போயிருக்கின்றன. எந்த ஒரு பழத்தையும் தனியாகப் பிடித்து இதுதான் காரணம் என்று அந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை. நாள் முழுக்கச் சேரும் மொத்தச் சுமையைத்தான் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

உங்கள் வாயை நீங்களே கொஞ்சம் பார்க்கலாம். கைபேசி விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். மேல் முன்பற்களின் கீழ் விளிம்பு மெலிந்து, வெளிச்சம் ஊடுருவி, சாம்பல் நீலமாகத் தெரிகிறதா? கீழ்க் கடைவாய்ப் பற்களின் மேடுகளில் சின்னச் சின்னக் கிண்ணம் போலப் பள்ளம் விழுந்து, நடுவில் மஞ்சள் தெரிகிறதா? பழைய ஃபில்லிங் இருந்தால், சுற்றியுள்ள பல் கரைந்து ஃபில்லிங் மட்டும் மேடாக நிற்கிறதா? பல்லின் முகம் கோடு, வரி எதுவும் இல்லாமல் வழவழவென்று இருக்கிறதா? பலர் இந்த வழவழப்பைப் பார்த்து, பல் சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். உண்மையில் மேல் அடுக்கு போய்க்கொண்டிருக்கிறது. அந்த மஞ்சள் நிறம் அழுக்கு இல்லை, எனாமலுக்கு அடியில் உள்ள டென்டின். அதில் நரம்பை நோக்கிப் போகும் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. மூடி போனதால் குளிர்ச்சி நேராக உள்ளே தெரிகிறது, அதுதான் கூச்சம். கரைந்துபோன எனாமல் திரும்ப வளராது. மேற்பரப்பு லேசாக மிருதுவாகும் கட்டத்தில் உமிழ்நீர் தாதுக்களை அதன் மேல் படியவைத்துச் சரிசெய்யும். அதற்கு நாம் அவகாசம் கொடுக்க வேண்டும்.

உங்கள் பட்டியலில் என்னை மிகவும் பயமுறுத்துவது அலுவலகத்துக்குப் போகும் அந்த பாட்டில்தான். புளிப்போ இனிப்போ வாயில் பட்டபின் உமிழ்நீர் பழைய நிலையைக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். ஒரு பாட்டில் எலுமிச்சைத் தண்ணீரை மூன்று மணி நேரம் மிடறு மிடறாகக் குடித்தால், அந்த மூன்று மணி நேரமும் உமிழ்நீருக்கு மூச்சுவிட நேரமில்லை. தேன் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் கொடுத்த வழிகாட்டுதலில் தேனையும் பழச்சாற்றையும் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்த்திருக்கிறது, முழுப் பழத்தைச் சேர்க்கவில்லை. மலைத்தேன், கொம்புத்தேன் என்று எது வாங்கினாலும் வாய்க் கிருமிக்கு அது சர்க்கரையே. ஆக, அந்த பாட்டில் ஒன்றே தேய்மானத்துக்கும் சொத்தைக்கும் சேர்த்து வழி செய்கிறது.

பாட்டிலில் வெறும் தண்ணீர் ஊற்றிக்கொள்ளுங்கள். எலுமிச்சை வேண்டும் என்றால் மதியம் காய்கறிக் கலவையில் பிழியுங்கள். தேங்காய்த் துருவலோடும் நிலக்கடலையோடும் சேர்ந்து போகும்போது வேகம் குறையும். காலையில் குடித்தே ஆக வேண்டுமா, ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வெறும் தண்ணீரால் நன்றாக வாய் கொப்பளியுங்கள். வாயில் வைத்து அலம்பிக் குடிக்கும் பழக்கம் வேண்டாம். பழத்தை நாள் முழுக்கக் கொறிக்காமல் இரண்டு வேளையாகக் கட்டுங்கள். புளிப்புப் பழத்தை முதலில் சாப்பிட்டு, வாழைப்பழம், பப்பாளிக்கு வந்து, கடைசியில் ஒரு துண்டு தேங்காயோ வெள்ளரியோ மென்று முடியுங்கள். தேங்காயை மெல்லும்போது உமிழ்நீர் ஊறும், அதில் புளிப்பும் இல்லை. மிக்சியில் அடித்துக் குடிப்பதைவிடப் பழமாகவே கடித்துச் சாப்பிடுவது எப்போதும் நல்லது.

பல் துலக்கும் நேரத்தையும் மாற்ற வேண்டும். புளிப்புப் பட்ட உடனே எனாமல் கொஞ்சம் மிருதுவாக இருக்கும், அப்போது பிரஷ் போட்டுத் தேய்ப்பது கூடாது. எவ்வளவு நேரம் காத்திருந்தால் போதும் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் என்பது வழக்கமான அறிவுரை. அதைவிட எளிது, காலையில் எதுவும் வாயில் படுவதற்கு முன்பே துலக்கிவிடுவது. இரவில் கடைசிப் பழத்துக்கும் துலக்குவதற்கும் இடையில் ஒரு மணி நேரம் விடுங்கள். துலக்கியபின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வேண்டாம். தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும், அந்த நேரத்தில் பேரீச்சைத் துணுக்கு பல்லிடுக்கில் இருந்தால் விடிய விடிய கிருமிக்கு விருந்துதான்.

பேரீச்சை, காய்ந்த அத்தி, உலர்திராட்சை மூன்றுமே இனிப்பு செறிந்தவை, கடைவாய்ப் பல்லின் பள்ளங்களில் ஒட்டிக்கொள்பவை. சத்து இல்லை என்று சொல்லவில்லை. சாப்பாட்டோடு சேர்த்து நாலு பேரீச்சை சாப்பிடுங்கள், அதையே மணிக்கு ஒன்றாக நாலு தடவை சாப்பிடாதீர்கள். இடையில் பசித்தால் ஊறவைத்த நிலக்கடலை, பாதாம், தேங்காய், கேரட், வெள்ளரி போதும்.

பேஸ்ட் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சமைத்துச் சாப்பிடுபவரைவிட உங்களுக்குத்தான் ஃப்ளோரைடு அதிகம் தேவை. எனாமல் திரும்ப இறுகும்போது ஃப்ளோரைடு கூட இருந்தால், அமிலத்தை இன்னும் கொஞ்சம் தாங்கும் படிகமாக இறுகும். கூச்சத்துக்கென்று விற்கும் பேஸ்ட்களில் ஃப்ளோரைடும் இருக்கிறதா என்று அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். மிருதுவான பிரஷ், அழுத்தாத கை. துலக்கியபின் நுரையைத் துப்பிவிட்டு, வாய் கொப்பளிக்காமல் விட்டால் பலன் கூடும். இரண்டு முதல் நாலு வாரத்தில் கூச்சம் குறைய வேண்டும். ஒரே ஒரு பல் மட்டும் கூசினாலோ, சூடு பட்டபின் வலி உடனே போகாமல் நீடித்தாலோ அது தேய்மானக் கூச்சம் இல்லை, உடனே காட்டுங்கள்.

உப்பு, கரித்தூள், சாம்பல், செங்கல் பொடி எதுவும் வேண்டாம். கரடுமுரடான எந்தப் பொடியும் எனாமலைத் தேய்க்கும், புளிப்பில் ஊறிய எனாமலை இன்னும் வேகமாகத் தேய்க்கும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பதில் எனக்கும் மரியாதை உண்டு. வேப்பங்குச்சியை நன்றாக மென்று நாராக்கி, ஈறு நோகாமல் தேய்த்தால் பல்லின் வெளிப்பக்கம் சுத்தமாகும். உள்பக்கத்துக்கும் கடைசிக் கடைவாய்ப் பல்லுக்கும் குச்சி ஒழுங்காகப் போய்ச் சேராது. பல்லிடுக்குக்குப் போகவே போகாது. நல்லெண்ணெய்க் கொப்பளிப்பில் கெடுதல் இல்லை, பிரஷ்ஷுக்கு மேலதிகமாகச் செய்துகொள்ளுங்கள், பதிலாக அல்ல.

இனி ஈறு. கழிவு வெளியேறுகிறது என்ற விளக்கத்தை நான் மிகவும் அஞ்சுகிறேன். அதைக் கேட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, ஈறு இறங்கி, பல் ஆடத் தொடங்கியபின் வருகிறவர்கள் உண்டு. ஈறில் ரத்தம் வருவதற்குப் பொதுவான காரணம், பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் படியும் கிருமிப் படலம். 1965-ல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் பல் ஆய்வாளர் ஹரால்ட் லோவும் கூட்டாளிகளும் நல்ல ஈறுள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பியது. காரணமும் மருந்தும் ஒரே இடத்தில் இருந்தன.

காய்கறியே தேய்த்துவிடும் என்பது பாதி உண்மை. கேரட்டும் ஆப்பிளும் கடிக்கும்போது பல்லின் கடிக்கும் பரப்பும் நடுப்பகுதியும் கொஞ்சம் சுத்தமாகும். படலம் உட்கார்ந்திருப்பதோ ஈறு விளிம்பிலும் இரண்டு பல்லுக்கு நடுவிலும். அங்கே கேரட் உரசுவதில்லை. கீரை நாரும் முளைப்பயறின் தோலும் மாங்காய் நாரும் அதே இடுக்கில் போய்ச் செருகிக்கொள்வதுதான் நடக்கிறது.

ஆனாலும் அந்தப் பெரியவர் சொல்வதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. சுவிட்சர்லாந்தில் பத்துப் பேரை நாலு வாரம் கற்கால மனிதர்களைப் போல வாழவிட்டு, 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். பிரஷ் கிடையாது, ஆலைச் சர்க்கரை கிடையாது. முழுத் தானியம், மூலிகை, பால், கொஞ்சம் தேன், இறைச்சி. பற்படலம் கூடியது, ஆனால் ஈறில் ரத்தம் கசிந்த இடங்கள் 34.8 சதவீதத்திலிருந்து 12.6 சதவீதமாகக் குறைந்தன. உணவு மாறினால் ஈறின் அழற்சி குறையலாம் என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் அது நாலு வாரக் கணக்கு, பத்தே பேர், அதுவும் பச்சை உணவு மட்டும் இல்லை. உங்களுக்கு எட்டு மாதம் ஆகியும் ரத்தம் வருகிறது. உங்கள் விஷயத்தில் உணவு மட்டும் போதவில்லை என்று ஈறே சொல்கிறது.

வைட்டமின் சி குறைந்தாலும் ஈறில் ரத்தம் வரும், ஆனால் இவ்வளவு பழமும் பச்சைக் காயும் சாப்பிடுகிறவருக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. எனவே இரண்டு வாரம் இப்படிச் செய்யுங்கள். பிரஷ்ஷின் நார்களைப் பாதி ஈறிலும் பாதி பல்லிலும் படும்படி சாய்த்து, அந்த இடத்திலேயே சின்னதாக அசைத்துத் துலக்குங்கள். இரவில் பல்லிடுக்குக்கு ஃப்ளாஸ் நூல், இடைவெளி பெரிதாக இருந்தால் இடுக்கு பிரஷ். ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களைத் துலக்குவதுதான் எல்லோரும் செய்வது. நீங்கள் ரத்தம் வரும் இடத்தில்தான் நிதானமாக, மென்மையாகக் கூடுதல் நேரம் செலவிட வேண்டும். முதல் சில நாட்கள் ரத்தம் வரும், பிறகு குறையும். குறைந்தால் காரணம் படலம்தான் என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள். குறையவில்லை என்றால் படலம் இறுகிக் காரையாகியிருக்கும், அதை எந்தப் பொடியும் எண்ணெயும் எடுக்காது, ஸ்கேலிங்தான் வழி. ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். ஏற்கெனவே எலும்பு கரைந்து ஆடிக்கொண்டிருந்த பல்லை அந்தக் காரை கட்டிப்பிடித்து வைத்திருந்திருக்கும், எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது. அந்த நிலைக்குப் போகும் முன் செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். சீழ், பல் ஆட்டம், புதிதாக விழுந்த இடைவெளி, ஈறு இறங்குவது இவற்றில் எது இருந்தாலும் இரண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் ஈறு நோய் வேகமாக முற்றும், ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள்.

வாயைப் பார்த்து வேறொன்றும் தெரிந்துகொள்ளலாம். நாக்கு எரிகிறதா, சிவந்து வழவழப்பாகிவிட்டதா, வாய்ப்புண் திரும்பத் திரும்ப வருகிறதா? வைட்டமின் பி12 குறைபாட்டை நினைக்க வேண்டும். கீசன் ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், பச்சை உணவு சாப்பிடும் 201 பேரில் 38 சதவீதத்தினருக்கு பி12 பற்றாக்குறை இருந்தது. பால்கூட எடுக்காதவர் என்றால் அறிகுறி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்லும் மாத்திரையை எடுங்கள். இந்தச் சத்து காய்கறியில் கிடைக்காது.

கடினமான பொருட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேர் சிகிச்சை செய்து கேப் போடாமல் விட்ட பல்லால் கொப்பரைத் தேங்காயைக் கடிக்காதீர்கள், கரும்பு உரிக்காதீர்கள். அந்தப் பல் நெடுக்காகப் பிளந்தால் பெரும்பாலும் எடுக்கத்தான் வேண்டியிருக்கும். கொள்ளு, கம்பு, பயறு ஊறப்போடும் முன் தட்டில் பரப்பிக் கல் பொறுக்குங்கள். வேகவைக்கும்போது கல் அடியில் தங்கிவிடும், பச்சையாகச் சாப்பிடும்போது அது நேராகப் பல்லுக்கு வரும்.

கடைசியாகக் குழந்தை. ஐந்து வயதில் முழுக்க முழுக்கச் சமைக்காத உணவு மட்டும் என்பதை நான் ஏற்கவில்லை. சின்ன வயிறு, வளரும் உடம்பு, போதுமான சக்தியும் பி12-ம் கிடைப்பது கடினம். குழந்தை மருத்துவரிடம் பேசிவிட்டு முடிவெடுங்கள். பல் பற்றி நான் சொல்லக்கூடியது: தேனும் பேரீச்சையும் சாப்பாட்டு வேளையோடு நிற்கட்டும். காலையிலும் இரவிலும் நீங்களே துலக்கிவிடுங்கள், குழந்தையின் கைக்கு அந்தத் திறன் இன்னும் வரவில்லை. பட்டாணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட் போதும், துப்பச் சொல்லிக்கொடுங்கள். ஆறு வயதை ஒட்டி, பால் பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்து விட்டுவிடுவதால்தான் அந்தப் பல்லை இத்தனை பேர் இளமையிலேயே இழக்கிறார்கள். அது முளைத்ததும் பல் மருத்துவரிடம் காட்டி, பள்ளங்களை அடைக்கும் சீலன்ட் தேவையா என்று கேளுங்கள். நீங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்ற பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவர் என்றால், முதலில் தண்ணீரில் ஃப்ளோரைடு எவ்வளவு என்று பரிசோதியுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. அதற்கு மேல் இருந்தால் முதலில் குடிநீரை மாற்ற வேண்டும். குழந்தைக்கு எந்த பேஸ்ட், எவ்வளவு என்பதை அந்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி உங்கள் ஊர்ப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.